அரை மில்லி ஓட்டை

புதுசாச் சேர்த்தறதுக்கு வந்தீங்களாங்க? உக்காருங்க. ஃபார்ம் குடுக்கற அம்மா பதினோரு மணிக்கு முன்னால வராது. இப்பவே உள்ள போனீங்கன்னா வெயில்லதான் நிக்கோணும். இங்க பெஞ்சாவது இருக்குது. டீ சுமார்தான். இந்த ரோட்டுல வேற கடை இல்லாததால இதுதான் நல்ல டீ.

பையனா, பொண்ணுங்களா? பையன். எத்தன வயசு? ஒம்போது. சரியான வயசுதானுங்க. தாராளமாச் சேர்த்துங்க. நான் வேண்டாம்னு சொல்லவே மாட்டேன். ஆனா சேர்த்தறதுக்கு முன்னால ஒரு மனுசன் நாலு விசயம் தெரிஞ்சுக்கோணும் இல்லீங்களா? உள்ள இருக்கறவங்க சொல்லமாட்டாங்க. பாதுகாப்பு, ஒழுக்கம், தன்னம்பிக்கைன்னு போட்டு ஒரு நோட்டீஸ் குடுப்பாங்க. எனக்கும் குடுத்தாங்க. நல்ல வழவழப்பான காகிதம்.

நான் ஏன் வெளிய உக்காந்திருக்கேன்னு பாக்கறீங்க. காத்தோட்டமா இருக்குதுன்னுதான். அப்பறம், பொங்கல் வரைக்கும் உள்ள காலெடுத்து வெக்கக் கூடாதுன்னு கிளப்புல எனக்கொரு லெட்டர் குடுத்திருக்காங்க. ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்துக்கிச்சு.

என் பேரு சம்பத்துங்க. பீளமேட்டுல கிரைண்டர் கம்பெனி. இருவத்திரண்டு வருசமா மோட்டார் செய்யறேன். கோயமுத்தூர்ல பாதி இட்லிக்கு மாவு அரைக்கறது என்ற மோட்டார்தான். பெருமைக்குச் சொல்லல. மோட்டாருன்னா எனக்கு என்னன்னு தெரியும், அதுக்குச் சொல்றேன். இத மட்டும் மனசுல வெச்சுக்குங்க, பின்னால வேண்டியிருக்கும்.

அந்தச் சத்தம் கேக்குதுங்களா? மிக்சியில வர மொளகாயப் போட்டு ஓட்டற மாதிரி. அதான் இந்தக் கிளப்போட வண்டி, குட்டி ரேஸ் பைக்கு. இன்னும் பாக்கலீங்களா? முழங்கால் உசரம்தான் இருக்கும். ஆனா பெரிய ரேஸ் வண்டியில இருக்கற எல்லாம் இருக்கும். டிஸ்க் பிரேக்கு, மொகப்புல கண்ணாடி, நம்பர், எல்லாம். கியர் மட்டும் இல்ல. கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணோணும். கொழந்தைங்க அதுல உக்காந்து, தோல் சட்ட போட்டு, ஹெல்மெட் மாட்டி, வளைவுல முட்டிய ரோட்டுல தேச்சுட்டுப் போறதப் பாத்தீங்கன்னா அப்படியொரு அழகுங்க. பெரியவங்களுக்கும் தனியாப் போட்டி இருக்குது. அது வேற மாதிரி அழகு. சர்க்கஸ்ல கரடி சைக்கிள் ஓட்டிப் பாத்திருக்கீங்களா? அந்த அழகு.

என்ற பொண்ணு பேரு மகிழினி. பதினோரு வயசு. அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். போன வருசம் ஆயுத பூஜ லீவுல இங்க வந்து பாத்துட்டுப் போயிருக்கறா, அவங்கம்மா சுகந்தியோட. சுகந்தி ஸ்கூல்ல கணக்கு டீச்சர். அம்மிணியச் சேர்த்தலாமா வேண்டாமான்னு முடிவெடுத்தது நான்தானுங்க. அவங்க ரெண்டு பேரும் முன்னாடியே பேரக் குடுத்துப்போட்டு, தோல் சட்டைக்கு அளவும் குடுத்துப்போட்டு வந்திருந்தாங்க. அதுக்கப்பறம் நான் முடிவெடுத்தேன்.

ஒண்ணு செய்யறதுன்னா முழுசாச் செய்யோணும், அதான் என்ற கொள்கை. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வருவேன். மத்த அப்பனுங்க எல்லாம் நெழல்ல உக்காந்து செல்போன நோண்டுவாங்க. நான் மட்டும் கம்பி வேலிய ஒட்டி நின்னுக்குவேன். அவ வண்டி வளைஞ்சு வாரப்பெல்லாம் "முறுக்கு அம்மிணி, முறுக்கு"ன்னு குரல் குடுப்பேன். ஆக்சிலேட்டரச் சொல்றேன். எனக்குக் கொஞ்சம் கனத்த தொண்டை. கம்பெனியில இருவது மோட்டார் ஓடற சத்தத்துல பேசிப் பழகுனது. கிளப்புல எனக்கு முறுக்கு மாமான்னே பேரு வெச்சுட்டாங்க. கொழந்தைங்க எல்லாம் நான் வாரப்பவே முறுக்கு மாமா வந்துட்டாருன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிட்டு ஓடுவாங்க. அவ்வளவு பிரியம்.

இவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது அல்போன்சா மிஸ். முப்பது வயசு இருக்கும். முன்னால பெரிய வண்டி ரேஸ் ஓட்டுன பொண்ணு. சத்தமே போடமாட்டா. எதிர்ல நிக்கறவனுக்கே காதுல விழாது, அப்படிப் பேசுவா. அவ சொல்லிக் குடுக்கற பாடம் என்ன தெரியுங்களா? வளைவுக்குள்ள மெதுவாப் போனாத்தான் வேகமா வெளிய வர முடியுமாம். பந்தியில மெல்லத் தின்னா சீக்கிரம் எந்திரிக்கலாம்ங்கற மாதிரி இருக்குதுங்களா? ஆனா என்ற பொண்ணு அதத்தான் புடிச்சுக்கிட்டா. மூணாவது வளைவு ஒண்ணு இருக்குது, கொஞ்சம் சட்டுனு மடங்கும். அங்க வந்தா நான் முறுக்குன்னு சொல்றேன், அவ பிரேக்கப் புடிக்கறா. மூணு மாசம் இப்படியே போச்சு. சுகந்தி ஒரு ஸ்டாப் வாட்ச வெச்சுட்டு உக்காந்து நேரம் எழுதுவா. நான் வேலிகிட்ட நிக்கற நாள்ல அம்மிணி ஒரு ரவுண்டுக்கு ஒரு செகண்டு அதிகமா எடுக்கறாளாம், நான் டீ குடிக்க இங்க வந்தா கொறையுதாம். ஒரு நாள் நோட்ட எடுத்து எங்கிட்டயே காட்டறா. கணக்கு டீச்சரக் கட்டுனா இப்படித்தானுங்க. எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க. காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு எழுதுனியான்னு கேட்டேன். எழுதலையாம். அப்பறம் என்ன கணக்கு?

வருசத்துக்கு நாலு போட்டி. நாலும் சேர்த்துத்தான் அந்த வருசத்துக் கப்பு. மொதப் போட்டியில ஒம்போது கொழந்தைங்கள்ல இவ நாலாவது. ரெண்டாவதுலயும் நாலாவது. ஆதவ்னு ஒரு பையன், பல் டாக்டர் பையன், ரெண்டுலயும் அவன்தான் மொதல்ல. பல் டாக்டரு ஒரு வார்த்த பேசமாட்டாரு, நெழல்ல உக்காந்து தூங்குவாரு. கஷ்டப்படறவன் ஒருத்தன், கப்பு வாங்கறவன் ஒருத்தன்.

அந்த ரெண்டாவது போட்டி அன்னைக்குத்தான் நானும் ஓட்டுனேன். ஆமாங்க, பெரியவங்க போட்டியில. சொன்னாக் கேக்காத கொழந்தைக்கு செஞ்சு காட்டோணும் இல்லீங்களா? காது டாக்டர் ஒருத்தரு, ஐ.டி. பசங்க ரெண்டு பேரு, அப்பறம் குனியமுத்தூர்ல டெய்லர் கடை வெச்சிருக்கற பரிமளா அக்கா. அந்தக்காவுக்கு அம்பத்திரண்டு வயசு. நான் தொண்ணூத்தி ரெண்டு கிலோ. வண்டியவிட நாலு மடங்கு. உக்காந்தா என்ற முட்டி காதுகிட்ட வருது. கொடி எறங்குச்சு, முறுக்குனேன் பாருங்க, மொத வளைவு தாண்டுனேன், ரெண்டாவது தாண்டுனேன். மூணாவது வளைவு என்னையத் தாண்டிப் போயிருச்சு. நான் நேரா டயர் அடுக்கி வெச்சிருக்கற எடத்துக்குப் போனேன். காறை எலும்பு முறிஞ்சுது. டயர் சூடாகலீங்க, அதான் ரோட்டப் புடிக்கல. சூடாகியிருந்தா கதையே வேற.

ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கறப்ப அம்மிணி வந்து குனிஞ்சு பாத்தா. எந்த எடத்துல பிரேக் புடிச்சீங்கன்னு கேட்டா. புடிக்கவே இல்லையேன்னு சொன்னேன். "அதானுங்ப்பா"ன்னு சொல்லிட்டு என்ற கையப் புடிச்சுட்டு ஆம்புலன்ஸ் வரைக்கும் கூடவே வந்தா. பரிமளா அக்கா ஜெயிச்சுட்டு, கப்போட வந்து என்னைய நலம் விசாரிச்சுட்டுப் போச்சு. கப்ப வெச்சுட்டு வந்திருக்கலாம்.

இனிமேதான் விசயத்துக்கு வாரேன். டீ இன்னொண்ணு சொல்லட்டுங்களா? வேண்டாமா, சரி.

கொழந்தைங்க வண்டி ரொம்ப வேகமாப் போகக் கூடாதுன்னு, எஞ்சினுக்குக் காத்துப் போற வழியில ஒரு வளையம் மாட்டியிருப்பாங்க. வாஷர் மாதிரி. நடுவுல சின்ன ஓட்டை. எல்லாக் கொழந்தைக்கும் ஒரே அளவு ஓட்டை. அத மாத்தக் கூடாதுங்கறது சட்டம். நான் மாத்தலீங்க. வளையம் அதேதான். ஓட்டைய மட்டும் ஒரு அரை மில்லி பெருசு பண்ணுனேன். மூணாவது போட்டிக்கு மொத நாளு, கம்பெனியில, ஒத்தக் கையாலயே, வைஸ்ல மாட்டி, ட்ரில் போட்டு, அரம் வெச்சுத் தேச்சு, பாத்தா யாருக்கும் தெரியாத மாதிரி. எதுக்குன்னு கேக்கறீங்களா? அந்தக் கொழந்த அவ்வளவு ஒழைக்குது. தகப்பன் அரை மில்லி ஒதவி செய்யக் கூடாதுங்களா? நீங்க வீட்டுப் பாடத்துல ஒரு கணக்குச் சொல்லிக் குடுத்ததில்லையா?

அவகிட்டச் சொல்லல. சொன்னா மனசுல பாரம்னு விட்டுட்டேன்.

போட்டிக்கு முன்னால ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்து, வண்டி இருமற மாதிரி இருக்குதுங்ப்பான்னு சொன்னா. அது வேகத்தோட சத்தம், உனக்குப் பழக்கமில்லன்னு சொல்லி அனுப்பி வெச்சேன். அன்னைக்கு அவ ஓட்டுனா பாருங்க. நான் முறுக்குன்னு சொல்லவே மறந்துட்டேன். நேர் ரோட்டுல ஆதவ் வண்டி இவள விட்டுட்டுப் போகுது, வளைவு வந்தா இவ மறுபடி வந்து ஒட்டிக்கறா. ஒம்போது ரவுண்டும் இப்படியே. கடைசி ரவுண்டு, அதே மூணாவது வளைவு, அவன் கொஞ்சம் அகலமாப் போனான், இவ உள்பக்கமாப் பூந்து வெளிய வந்துட்டா. அரை வண்டி நீளத்துல ஜெயிச்சா.

கப்ப வாங்கி ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்குனா. அஞ்சு நிமிசம் இருக்கும். அப்பறம் ஜெயிச்ச வண்டியப் பிரிச்சுப் பாத்தாங்க. அது வழக்கமாம். நோட்டீஸ்ல சின்ன எழுத்துல போட்டிருந்துது, நான் பெரிய எழுத்த மட்டும் படிச்சிருந்தேன். ஒரு அளவுகோல வெச்சு ஓட்டைய அளந்தாங்க. செயலாளர் வந்து அம்மிணி கையில இருந்த கப்ப வாங்கி ஆதவ் கையில குடுத்தாரு. மைக்குல வேற சொன்னாரு, பதினேழாம் நம்பர் வண்டியில மாத்தம் செஞ்சிருக்கறதால தகுதி நீக்கம்னு. நூறு பேர் முன்னால. ஒரு கொழந்தைகிட்ட இப்படியா நடந்துக்குவாங்க? கொஞ்சமாச்சும் நாகரிகம் வேண்டாமா? அவ என்ன பண்ணுனா? தப்பு அவதாங்களா பண்ணுனா? அதத்தான் நானும் மைக்கப் புடிச்சுக் கேட்டேன். யார் பண்ணுனதுன்னு செயலாளர் திருப்பிக் கேட்டாரு. அதுக்கப்பறம்தான் அந்த லெட்டர் வந்துது.

கார்ல வீட்டுக்குப் போறப்ப சுகந்தி ஓட்டுனா. எனக்குக் கை இன்னும் கட்டுலதான். அம்மிணி பின்னால உக்காந்திருந்தா. ஈச்சனாரி தாண்டுன பொறவு கேட்டா.

"அப்பா, இன்னைக்கு ஜெயிச்சது நானா, ஓட்டையா?"

நான் சிரிச்சேன். ரெண்டும் சேர்ந்துதான் அம்மிணி, இதுக்குப் பேருதான் டீம் ஒர்க்குன்னு சொன்னேன். சுகந்தி வண்டிய ஓரமா நிறுத்துனா. எறங்கி, கதவச் சாத்தி, வெளியவே ரெண்டு நிமிசம் நின்னுட்டு, மறுபடி ஏறி ஓட்டுனா. எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. இவங்க குடும்பத்துலயே கொஞ்சம் படபடப்பு உண்டு.

அதுக்கப்பறம் அம்மிணி இங்க வரல. ஹெல்மெட்ட பீரோ மேல தூக்கி வெச்சுட்டா. புது வண்டி வாங்கித் தரட்டான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. ஊட்டிக்குப் போலாமான்னேன், தலையாட்டுனா, போனோம், போட்டோ புடிச்சோம், அவ்வளவுதான். சாப்பிடறப்ப எங்கிட்ட வேணுங்கறதக் கேப்பா. ரசம் குடுங்ப்பா, தண்ணி குடுங்ப்பா. வேற பேச்சு இல்ல.

ஒரு வாரம் கழிச்சு அல்போன்சா மிஸ் என்ற கம்பெனிக்கே வந்தா. மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கறான்னு நான் நெனச்சு, உக்காரச் சொல்லி, காப்பி வரச் சொன்னேன். அவ அந்த வளையத்த ஒரு கவர்ல போட்டுக் கொண்டுவந்திருந்தா. மேசை மேல வெச்சா. அவ பேசறது கேக்காதுன்னு சொன்னேன் பாருங்க, மோட்டார் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லித்தான் கேக்க வேண்டியதாப் போச்சு. அது பெரிய தப்பு. வேலையாளுக எல்லாம் சும்மா நின்னுட்டுக் கேட்டுட்டாங்க.

என்ன சொன்னான்னா, இந்த வளையத்தோட அந்த வண்டிய அவளே இருவது ரவுண்டு ஓட்டிப் பாத்தாளாம். அப்பறம் சரியான வளையத்த மாட்டி இருவது ரவுண்டு. என்ற வளையத்தோட வண்டி ஒரு ரவுண்டுக்கு அரை செகண்டு மெதுவாப் போகுதாம். மெதுவா. காத்து அதிகமாப் போச்சு, பெட்ரோல் பழைய அளவுலயே போச்சு, ரெண்டும் சரியாக் கலக்கல, எஞ்சின் இருமுச்சு, இழுக்கல. அம்மிணி அன்னைக்கு இருமற வண்டியில ஒம்போது ரவுண்டும் அந்த அரை செகண்ட வளைவு வளைவாப் புடிச்சு, அதுக்கு மேல ஜெயிச்சிருக்கறா.

"சார், இத நான் அவகிட்டச் சொல்றது பெருசில்ல. நீங்க சொல்லோணும். உங்க வாயால கேட்டாத்தான் அவளுக்கு நிக்கும்"னு சொன்னா.

காப்பியக் குடிக்காமயே போயிட்டா.

நான் சொல்லலீங்க. உடனே சொல்லியிருக்கலாம்தான். ஆனா ஒரு விசயத்தச் சொல்றதுக்கு நேரம் காலம்னு ஒண்ணு இருக்குது. அப்ப ஆடி மாசம். நல்ல சேதிய யாராவது ஆடியில சொல்லுவாங்களா? ஆவணி பொறந்துது, அவளுக்குப் பரீட்ச. பரீட்ச முடிஞ்சுது, கம்பெனியில தீபாவளி ஆர்டர். அப்பறம் இன்னொண்ணும் இருக்குது, உங்களுக்குப் புரியும்னு சொல்றேன். அந்தக் கொழந்தைக்கு அவங்கப்பன் மோட்டார் விசயத்துல யாருன்னு ஒரு மரியாத இருக்குது. ரெண்டு வயசுல என்ற மடியில உக்காந்து மோட்டாருக்குக் காயில் சுத்தறதப் பாத்த பொண்ணு. தப்புப் பண்ணுன அப்பன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். தப்பையும் ஒழுங்காப் பண்ணத் தெரியாத அப்பன்னு நெனச்சா? கிரைண்டர் மோட்டாருக்குக் காத்தும் வேண்டாம் பெட்ரோலும் வேண்டாம், அது கரண்டுல ஓடறது, ரெண்டும் வேற வேறன்னு அல்போன்சா மிஸ்ஸுக்கு யாரு சொல்றது?

செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கெழம காலைல எந்திரிச்சுப் பாத்தா வீட்டுல யாரும் இல்ல. பீரோ மேல ஹெல்மெட்டும் இல்ல. சுகந்தி என்ன பேசுனாளோ, எப்படிக் கூட்டிட்டுப் போனாளோ, எனக்குத் தெரியாது. கேட்டதுக்கு, சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டும்னு விட்டேன்னு சொன்னா. அதுக்கு அடுத்த வாரத்துல இருந்து நானும் கூட வாரேன். அவங்க உள்ள போவாங்க, நான் இந்தப் பெஞ்சுல உக்காந்துக்குவேன். செவுரு ஒசரம், ஒண்ணும் தெரியாது. பரவால்ல.

கடைசிப் போட்டி போன மாசம் பதினாறாந்தேதி. இங்கதான் உக்காந்திருந்தேன். உள்ள மைக்குல சொல்றது அரையும் கொறையுமாக் கேட்டுது. பதினேழாம் நம்பர் மூணாவதுன்னு சொன்னாங்க. நான் இந்தக் கடைக்காரர்கிட்ட, பாத்தீங்களா மூணாவதுன்னு சொன்னேன். அவரு வடையத் திருப்பிட்டிருந்தாரு.

கொஞ்ச நேரத்துல அந்தக் கேட்டு வழியா அம்மிணி வந்தா. தோல் சட்டையோட, ஹெல்மெட்டக் கையில புடிச்சுட்டு, தனியா. அவ இந்தப் பக்கம் வந்ததே இல்ல. எங்கிட்ட ஏதோ யோசன கேக்கத்தான் வாரான்னு நெனச்சேன். நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தா. ஒரு லெமன் ஜூஸ் சொன்னேன். குடிச்சா. டம்ளர வெச்சுட்டுச் சொன்னா, இன்னையோட போதும்ங்ப்பா, நான் நிறுத்திக்கறேன்னு.

ஏன் அம்மிணி, மூணாவது வந்திருக்கற, மொத ரெண்டு போட்டியவிட நல்லாத்தானே இருக்குதுன்னு கேட்டேன்.

"இல்லீங்ப்பா. சரியான வளையம் போட்டு ஓட்டுனா மூணாவதுதான் வர முடியுது. அப்ப அன்னைக்கு ஓட்டுனது நானில்ல, ஓட்டைதான். அதத் தெரிஞ்சுக்கத்தான் திரும்பி வந்தேன். தெரிஞ்சிருச்சு."

அழுதுட்டுச் சொல்லியிருந்தாக்கூட சமாளிச்சிருப்பேன். அவ அழல. கணக்குப் போட்டு வெடை கண்டுபுடிச்ச மாதிரி சொல்றா, அவங்கம்மாளாட்டவே. தப்பான வெடைங்க அது. சரியான வெடை என்ற சட்டப் பையில நாலு மாசமா இருக்குது.

கையில இருந்த வடையத் தட்டுல வெச்சேன். அப்பறம் சொல்லிப்போட்டேன். அந்த ஓட்டையால வண்டி வேகமாப் போகல அம்மிணி, மெதுவாத்தான் போச்சு, ஒரு ரவுண்டுக்கு அரை செகண்டு. நான் கணக்குத் தப்பாப் போட்டுட்டேன். நீ ஜெயிச்சது ஓட்டையால இல்ல, ஓட்டை இருந்தும்தான்னு.

அவ யார் சொன்னதுன்னு கேட்டா. அல்போன்சா மிஸ் ஓட்டிப் பாத்துட்டுச் சொன்னாங்கன்னேன். எப்பன்னு கேட்டா. ஆடி மாசம்னு சொன்னேன்.

விரல்ல எண்ணுனா. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. எண்ணி முடிச்சுட்டு எந்திரிச்சா. என்னையக் கட்டிப் புடிச்சுக்குவான்னு நெனச்சுக் கையக்கூட நீட்டிட்டேன்.

"உள்ள வந்து சொல்லுங்ப்பா."

யார்கிட்டன்னேன். எல்லார்கிட்டயும்னா. எனக்குத்தான் தடை போட்டிருக்காங்களே அம்மிணின்னு சொன்னேன். வாழ்க்கையில மொத தடவையா அந்த லெட்டர் மேல ஒரு மரியாத வந்துது. இருங்க கேட்டுட்டு வாரேன்னு போனா. ரெண்டே நிமிசம். அஞ்சு நிமிசத்துக்கு மட்டும் அனுமதின்னு வந்து நிக்கறா. எப்படிக் கேட்டாளோ, அந்தச் செயலாளர் ஒரு கையெழுத்துக்கு மூணு வாரம் இழுக்கற ஆளு.

போனேன். கப்பு எல்லாம் மேசை மேல அடுக்கி வெச்சிருந்தாங்க. நூறு நூத்தம்பது பேரு. மைக்கக் குடுத்தாங்க. எனக்கு மேடப் பேச்சுப் புதுசில்லீங்க, ரோட்டரியில பேசியிருக்கறேன். அதனால மொறையா ஆரம்பிச்சேன், பீளமேட்டுல ரெண்டாயிரத்தி மூணுல ஒரு சின்ன ஷெட்டுல தொழில் தொடங்குனதுல இருந்து. முன் வரிசையில இருந்து பரிமளா அக்கா, "சம்பத்து, விசயத்துக்கு வா"ன்னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க.

விசயத்துக்கு வந்தேன். வளையத்துல ஓட்டையப் பெருசாக்குனது நான், பொண்ணுக்குத் தெரியாதுன்னேன். அதுல வண்டி வேகமாகல, மெதுவாயிருச்சுன்னேன். கூட்டத்துல சிரிப்பு ஒரு மூலையில ஆரம்பிச்சு இந்த மூலைக்கு வந்துது. ஐ.டி. பசங்க ரெண்டு பேரும் ஒருத்தன் தோள ஒருத்தன் புடிச்சுட்டுச் சிரிக்கறானுக. காதெல்லாம் சுடுது எனக்கு. இருவத்திரண்டு வருசமா மோட்டார் செய்யற எனக்கு இந்த எஞ்சினப் பத்தி ஒண்ணும் தெரியல, தெரியாமத்தான் கை வெச்சேன், அன்னைக்கு அந்த வண்டியில ஜெயிச்சது முழுக்க இவதான்னு சொல்லி முடிச்சேன்.

அம்மிணி என்னையப் பாக்கவே இல்லீங்க. ஹெல்மெட்டப் புடிச்சுட்டு ஓரமா நின்னுட்டு, கூட்டத்துல ஒவ்வொரு மொகமாப் பாத்துட்டிருந்தா. எல்லாருக்கும் கேட்டுதா, ஒருத்தரும் விட்டுப்போகலையான்னு பாக்கற மாதிரி. டீச்சர் வகுப்புல ஆஜர் எடுப்பாங்க பாருங்க, அப்படி.

அந்த ஆதவ் பையன் எந்திரிச்சு அவகிட்டப் போனான். அவன் கேட்டது மைக்குல விழுந்துது.

"அப்ப இருமற வண்டியிலயா என்னைய முந்துன?"

அவ ஆமான்னா. அவன் நேராப் போயி தூங்கிட்டிருந்த பல் டாக்டர எழுப்பி, அப்பா அவ இருமற வண்டியில என்னைய முந்தியிருக்கறான்னு சொன்னான். என்னமோ அவனுக்குப் பெரும மாதிரி. அப்பத்தான் அம்மிணி சிரிச்சா. ஆடி மாசத்துக்கப்பறம் மொத தடவ. சுகந்தி நோட்ட மூடி வெச்சுட்டு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. வெயில் கண்ணுல பட்டிருக்கும்.

கப்பத் திருப்பிக் குடுத்தாங்களான்னு கேளுங்க. குடுக்கல. மாத்துன வண்டின்னா மாத்துன வண்டிதானாம், வேகமானா என்ன மெதுவானா என்னன்னு செயலாளர் சொல்லிட்டாரு. நான் இவ்வளவு பெரிய மனசோட பேசியும்கூட. அதனாலதான் சொல்றேன், இந்தக் கிளப்புல மனுசத்தன்மைய எதிர்பாத்துச் சேர்த்தாதீங்க. அம்மிணி அதப் பத்திக் கவலையே படல. கப்பு கெடக்கட்டும்ங்ப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சில்லன்னா. அடுத்த ஞாயித்துக்கெழமையே பயிற்சிக்கு வந்துட்டா. இந்தா, இப்ப அந்தப் பக்கம் சுத்தறது அவளாத்தான் இருக்கோணும்.

அன்னைக்கு இன்னொண்ணும் நடந்துது. எல்லாம் முடிஞ்சு கெளம்பறப்ப அல்போன்சா மிஸ் வந்தா. சார் தைரியமாப் பேசுனாரு, தடைய எடுத்தறலாமான்னு கமிட்டியில கேக்கறாங்க, நீ என்ன சொல்ற மகின்னு அம்மிணியக் கேட்டா. பதினோரு வயசுப் புள்ளைகிட்டப் போயிக் கேக்கற கேள்விங்களா அது? நான் பரவால்ல, எடுத்தாலும் சரிதான்னு அடக்கமா நின்னுட்டிருந்தேன். அம்மிணி ஹெல்மெட்ட இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்துனா.

"பொங்கல்னு போட்டிருந்தா பொங்கல்தானுங் மிஸ்"னு சொல்லிட்டா.

நேர்மைங்க. அப்படியே என்னைய மாதிரி.

ஆனா அந்த வாரத்துல இருந்து ஒரு பழக்கம். பத்தரை மணிக்கு அவங்களுக்கு எடைவேள விடுவாங்க. நேரா இங்க வந்து உக்காருவா. ஜூஸ் குடிப்பா. எந்த வளைவுல எவ்வளவு சாச்சேன், எங்க பிரேக் விட்டேன், டயர் எங்க வழுக்குச்சுன்னு விரலால இந்த மேசையில கோடு போட்டுக் காட்டுவா. பத்து நிமிசம். பாதிக்கு மேல எனக்குப் புரியறதில்ல. புரியற எடத்துல அவ செய்யறது தப்புன்னு தோணும். அந்தப் பத்து நிமிசமும் நான் வாயே தொறக்கறதில்லீங்க.

ஏனுங்க, எதுக்குச் சிரிக்கறீங்க?